முறை நாள்

ஆடிக் காற்று மேற்கிலிருந்து இறங்கிவிட்டால் நெருப்பெரிச்சல் ஊரில் தரையில் எதுவும் தங்காது. பனியன் கம்பெனிகளின் பின்புறம் கொட்டிக் கிடக்கும் வெட்டுத்துணி, நூல் பிசிறு, பஞ்சு எல்லாம் கிளம்பி வேலி முள்ளில் போய் மாட்டிக்கொள்ளும். தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடியில் சுப்பாத்தாள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த வேலமரங்கள் வெள்ளையும் சிவப்பும் நீலமுமாக நின்றன. அந்த மாதம் எல்லோரும்தான் இருமினார்கள். அதனால் மூன்றாம் வீட்டு மதலைமுத்து இருமியதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

மதலைமுத்து கட்டிங் மாஸ்டர். இளையான்குடிப் பக்கத்து ஊரிலிருந்து பதினேழு வயதில் பஸ் ஏறி வந்தவன். கைமடி என்னும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, துணி மடித்து, மூட்டை தூக்கி, பத்து வருஷத்தில் கத்தரி பிடித்தான். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு அட்டையை மேலே வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அவன் வெட்டினால், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது என்று முதலாளி தங்கவேலுவே சொல்லுவார். அந்தப் பெயர் அவனைக் கொஞ்சம் விறைப்பாக்கியிருந்தது. யாரிடமும் அதிகம் பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்று, பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுவான்.

அவன் மனைவி சந்தனம் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஞானஸ்நானப் பெயர் சந்தனமேரி. நான்கு வயதில் பிலோமி என்று ஒரு மகள். புருஷன் இருமிய கைக்குட்டையைத் துவைக்க எடுத்தவள், அதில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அன்று வேலைக்குப் போகாமல் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டி.பி. என்று டாக்டர் சொன்னார். அறுபது ஊசி. ஞாயிறு தவிர தினமும் காலையில் வந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி முடிந்த பிறகும் தை மாதம் வரை மாத்திரை. முட்டை, பருப்பு, கீரை. வாயைத் துணியால் மூடித்தான் இரும வேண்டும்; மருந்து ஒழுங்காகப் போனால் சில வாரத்தில் மற்றவருக்குப் பரவாது. உடம்பு இருக்கிற நிலையில் தனியாக வரவேண்டாம், நடுவில் நிறுத்தவும் கூடாது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். பிள்ளையையும் அவளையும் சோதித்துப் பார்த்ததில் இருவருக்கும் ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதலைமுத்து அவளிடம் தணிந்த குரலில் சொன்னான்: “கம்பெனியில தெரிஞ்சா கத்தரியக் கீழ வச்சுட்டுப் போன்னுருவாக. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா சட்டிபானையத் தூக்கி வெளிய வச்சிரும். நீ வாயத் தொறக்கப்பிடாது.”

அவள் தலையாட்டினாள். கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு கேட்டார்கள். மறுநாள் முதல் அவன் தனியாகவே போனான். அவளுடைய கம்பெனியில் சரக்கைக் கப்பலுக்கு அனுப்புகிற அவசரம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நான்காம் நாள் ஊசி போட்ட கிறுகிறுப்பில் அவன் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு சைக்கிள் கடை வாசலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் போகவே இல்லை. போய்விட்டு வந்ததாகத்தான் அவளிடம் சொன்னான். சந்தனம் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தாள். நான்கு கட்டத்தில்தான் கையெழுத்து இருந்தது.

அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்த வருஷம்தான் பங்குச் சாமியார் தெருவாரியாகப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒன்றை உண்டாக்கியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, சுண்டல் தின்று கலைவார்கள். பாதிப்பேர் தலைமுறையாக இங்கேயே தோட்டம் துரவோடு இருந்த கொங்கு வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மீதி, பனியன் வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். ஒரே பாயில் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். இதுவரை கூடிய நாலு கூட்டத்திலும் அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்பதைத் தவிர வேறெதையும் அவர்கள் பேசி முடிவுசெய்ததில்லை.

தலைவர் ராசப்பன். ஐம்பத்தைந்து வயசு, இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு மொபெட்டும் உள்ளவர். கோயில் திருவிழாவானாலும் சாவு வீடானாலும் பந்தல்காரனைக் கூப்பிடுவதிலிருந்து இலை எடுப்பதுவரை தானே செய்வார். யாராவது கைகொடுக்கப் போனால், “உடுங்க, நான் பார்த்துக்கறனுங்க” என்பார். நல்ல மனுஷர்.

அந்த ஞாயிறு கூட்டம் சவரியாயி வீட்டில். சவரியாயி ஒரு கம்பெனியில் அயர்ன் தேய்க்கிறவள், கணவனை இழந்தவள், நாள் முழுக்க ஆவியில் நின்று உள்ளங்கை கன்றிப் போனவள். மன்றாட்டு நேரம் வந்தது. மழைக்காக ஒருவர், நாட்டுத் தலைவர்களுக்காக ஒருவர், உலக அமைதிக்காக ஒருவர் மன்றாடினார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். பிறகு சந்தனம் வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு டி.பி. வந்திருக்கு. அறுபது ஊசி போடணும். நாலுதான் போட்டிருக்கு. தனியாப் போனா விழுந்துருறாக. நான் கூடப் போனா அடுப்பு எரியாது. என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. அதுக்காக மன்றாடுறேன்.”

சேர்ந்து சொல்ல வேண்டிய வரியை யாரும் சொல்லவில்லை. சவரியாயியின் குரல் மட்டும் தனியாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. வாசலோரம் உட்கார்ந்திருந்த மதலைமுத்து எழுந்து செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டான். சுண்டல் தட்டு வந்தபோது சந்தனத்தின் பக்கத்திலிருந்த ஒரு பெண், தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

ராசப்பன்தான் தொண்டையைச் செருமினார். “யாரும் பயப்படாதீங்க. தெனமும் நான் மொபெட்டுல கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றேன். இதுக்கு எதுக்குங்க பத்துப்பேரு?”

எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஜெபம் சொல்லிக் கலைந்தார்கள்.

அன்றிலிருந்து மதலைமுத்து மனைவியோடு பேசுவதை நிறுத்தினான். சோறு வைத்தால் தின்பான். கேட்டால் பதில் இல்லை. ராசப்பன் மட்டும் சொன்ன சொல் தவறாமல் காலை ஏழு மணிக்கு மொபெட்டை வாசலில் நிறுத்தினார். பதினோரு நாள் ஒழுங்காக நடந்தது. இருமல் மட்டுப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் மொபெட் வரவில்லை. மதலைமுத்து சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிவரை வாசலில் நின்றான். மறுநாளும் நின்றான். ‘சலித்துப்போயிருக்கும், யாருக்குத்தான் சலிக்காது’ என்று நினைத்துக்கொண்டான். ராசப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்க அவன் மானம் விடவில்லை. மனைவியிடம் சொல்லலாம், அவளோடுதான் பேச்சில்லையே. அவளோ ஓவர்டைம் என்று விடிகாலையில் போய் இருட்டியபின் வந்துகொண்டிருந்தாள். இப்படி ஐந்து நாள் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்தபோது அவன் சுவரில் சாய்ந்து கிடந்தான். பக்கத்துச் செம்பில் சிவப்பாக இருந்தது.

சந்தனம் ஓடினாள். ராசப்பன் வீட்டுக் கட்டிலில் அவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். வாய்க்காலில் வழுக்கி விழுந்து முதுகு பிடித்துக்கொண்டதாம். எழுந்திருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றே ஐந்து நாளை ஓட்டியிருக்கிறார். அவளைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனுஷர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே கூட்டம் கூடியது. ஞாயிறு அல்ல, ஜெபமாலையும் இல்லை. ராசப்பனின் முற்றத்தில், கட்டிலைச் சுற்றி. ஒருவர் ராசப்பனைக் குறைசொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர், தெற்கத்திக்காரர்கள் தங்கள் ஆளைத் தாங்களே பார்த்திருக்கலாமே என்றார். அதற்குத் தெற்குப் பக்கத்திலிருந்து சூடாகப் பதில் வந்தது. சவரியாயி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, அவரு மேல என்ன தப்புங்க?” என்றாள். “ஒருத்தர் தலமேல மூட்டையத் தூக்கி வெச்சுப்போட்டு நாம சுண்டலத் தின்னுபோட்டு ஊட்டுக்குப் போயிட்டோம். முதுகு போகாம என்ன பண்ணும்? இந்தத் தோட்டத்துக் கெணறு எத்தனை பங்காளிங்களுக்குங்க?”

“நாலு பேருக்கு” என்றார் ராசப்பன் படுத்தவாறே.

“எப்படித் தண்ணி பாய்ச்சறீங்க?”

“மொறை வெச்சுத்தான். ஆளுக்கொரு நாளு.”

“அப்பறம் என்னங்க. தண்ணிக்கு வெக்கற மொறைய மனுசனுக்கு வெக்க முடியாதா? வாரத்துல ஆறு நாளு. ஆறு பேரு வேணும். செவ்வாக்கெழமை நான் போறேன். அரை நாளு லீவு சொல்லிக்கறேன்.”

முதுகு நேரானதும் திங்கள் தன்னுடையது என்றார் ராசப்பன். அதுவரை அவர் தம்பி போவதாகச் சொன்னான். வியாழனை, ஒரே கம்பெனியில் வேலை செய்த புதுசாகக் கல்யாணமான டெய்லர் ஜோடி எடுத்துக்கொண்டது. இருவரில் யாருக்கு முடிகிறதோ அவர் போவார். பிறகு பின்னாலிருந்து இன்னாசி, “புதன் நான் போறேன்” என்றான். இன்னாசி சாயப்பட்டறைத் தொழிலாளி. அவன் கை எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும், அன்று பச்சை. அவனும் மதலைமுத்துவும் இரண்டு வருஷமாக முகம் பார்த்துக்கொள்வதில்லை என்பது அங்கிருந்த பாதிப்பேருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு ஆள் தேடியபோதுதான் வாசல் படலருகே சுப்பாத்தாள் நிற்பதைப் பார்த்தார்கள். லைன் வீட்டுக்காரி. வீட்டைக் காலிசெய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று சந்தனம் எழுந்து நின்றாள்.

“வேதக்காரங்க மட்டுந்தான் போகோணுமா, நானும் போலாங்களா?” என்றாள் சுப்பாத்தாள். பிறகு சந்தனத்தைப் பார்த்து, “ஏங் கண்ணு, எங்கிட்டச் சொல்லோணும்னு உனக்குத் தோணுலியா? எங்கூட்டுக்காரரோட தம்பி இந்தச் சீக்கை மறைச்சு மறைச்சேதான் செத்தான். ஊரு என்ன சொல்லும்னு பயம். அவன் போனதுக்கப்பறம் ஊரு ஒண்ணும் சொல்லுல. கறிச்சோறு தின்னுட்டுப் போயிருச்சு. வெள்ளி எம்படது.”

சனிக்கிழமைக்கு நாலைந்து கைகள் உயர்ந்தன. சந்தனம் வேண்டாமென்றாள்.

“எனக்கும் ஒரு நாள் வேணும். ஒரு நாள்னா நான் கம்பெனியில கேட்டு வாங்கிருவேன். தெனம்னாத்தான் முடியாது.”

நாள் கிடைக்காதவர்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். பிலோமியைப் பகலில் பார்த்துக்கொள்ள, முன்பு நகர்ந்து உட்கார்ந்த அதே பெண் தலைகுனிந்தபடி முன்வந்தாள். இருட்டுவதற்குள் எல்லாம் பேசி முடிந்தது. அந்த அன்பியம் முதல்முதலாக ஒரு முடிவு எடுத்தது அன்றுதான்.

ஊசி திரும்பத் தொடங்கியது. மதலைமுத்து எதிர்க்கவில்லை, எதிர்க்கத் தெம்பு இல்லை. யாருடைய முறையோ அவருக்கு ஏற்றபடி பயணம் இருந்தது. சவரியாயி டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் பேசினாள், பேச்சு முடிவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும். சுப்பாத்தாள் ஒரு தூக்குப்போசியில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து, ஊசி போட்டதும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவனை உட்காரவைத்து, குடித்து முடிக்கும்வரை எழவிடமாட்டாள். வியாழன் ஜோடியில் பையன் வந்தால் வாயே திறக்கமாட்டான். பெண் வந்தால் மாமியாரைப் பற்றி ஒப்பிப்பாள். ராசப்பன் நாலாம் திங்களிலிருந்து மொபெட்டோடு வந்தார். மூலனூரிலிருந்த தன் மச்சான் அனுப்பிய முருங்கைக்காயில் ஒரு கட்டு வண்டியில் தொங்கும். முன்பைவிடச் சிரித்த முகமாக இருந்தார். ஒருநாள் அவரே சொன்னார்: “தெனம் வர்றப்ப, எப்ப முடியும்னு மனசுக்குள்ள எண்ணிட்டேதான் ஓட்டுனேன் தம்பி. சொல்லப்படாது, ஆனா நெசம். இப்ப ஞாயித்துக்கெழமையே, நாளைக்கு நம்ம மொறைன்னு நெனப்பு வந்தர்து.”

புதன்தான் கடினமாக இருந்தது. இன்னாசி பட்டறையில் இரவு வேலை முடித்து நேராகச் சைக்கிளில் வருவான். கேரியரில் மடித்த சாக்கு போட்டிருப்பான். குறுக்குக் காற்றில் சைக்கிள் அலையும். எழுந்து நின்று மிதிப்பான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பின்னால் உட்கார்ந்தபடி மதலைமுத்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போவான். சட்டை நனைந்து ஒட்டியிருக்கும்.

இன்னாசி முன்பு மதலைமுத்துவின் மேசையில் இரண்டாம் ஆளாக இருந்தவன். ஒருநாள் முந்நூறு உருப்படித் துணி அளவு மாறி வெட்டுப்பட்டுப் போயிற்று. தங்கவேலு யார் என்று கேட்டபோது மதலைமுத்து இன்னாசியைக் கைகாட்டினான். அன்றே இன்னாசி வெளியேறினான். வேறு கம்பெனிகளிலும் கத்தரி கிடைக்காமல் சாயத்தில் கை வைத்தான்.

ஐந்தாம் புதன், திரும்பும் வழியில், ஒரு மேட்டில் இன்னாசி இறங்கிச் சைக்கிளைத் தள்ளினான். மதலைமுத்து இறங்க முயன்றபோது, “உக்காருங்கண்ணே, விழுந்துருவீக” என்று கையை மறித்தான். அதுதான் முதல் பேச்சு.

மதலைமுத்து இறங்கிவிட்டான். சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னாசி, அந்த அளவு அட்டையை மாத்தி வச்சது நான். முந்தின நாள் இருந்த அட்டையை எடுக்க மறந்துட்டேன். வெட்டி முடிச்சப்பறம்தான் பார்த்தேன். என் பேரு போயிருமேன்னு உன்னையக் காட்டிவிட்டேன்.”

இன்னாசி சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். “தெரியும்ணே. அட்டையை நான் அன்னைக்கே பார்த்தேன்.”

“பார்த்துட்டு ஏன் சொல்லல?”

“யாரு நம்புவாக? நீங்க மாஸ்டரு.”

“அப்பறம் எதுக்குப் புதன்கெழமைய எடுத்த?”

இன்னாசி யோசித்தான். “எனக்கும் சொல்லத் தெரியலண்ணே. ஒங்க வீட்டுக்குத் தெனம் வரணும்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன். ஒரு நாள்தானேன்னு கையத் தூக்கிட்டேன். மொத ரெண்டு வாரம் வைதுக்கிட்டேதான் மிதிச்சேன். அப்பறம் வையிறதுக்கு மூச்சுப் பத்தல.”

மதலைமுத்து அழுதான். இன்னாசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அழுகை அடங்கும்வரை பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை, சந்தனத்தின் முறை. பஸ்ஸில் இருவர் சீட்டில் அவள் ஜன்னலோரம், அவன் பக்கத்தில். புஷ்பா தியேட்டர் நிறுத்தம் வந்தபோது அவன், “பிலோமி காலையில சாப்பிட்டுச்சா?” என்று கேட்டான். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சற்றுப் பொறுத்து அவன் தன் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான். பிறகு இன்னாசி விஷயம் முழுவதையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, “தங்கவேலு முதலாளிக்கிட்டயும் சொல்லணும்ல” என்றாள்.

ஐப்பசி முதல் மழையில் அறுபதாவது ஊசி முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊசியால் காதில் ஒரு ரீங்காரம் மட்டும் தங்கிவிட்டது. அது போகாது என்றார் டாக்டர். சீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு மதலைமுத்து தனியாகப் போகவில்லை. ராசப்பனும் சவரியாயியும் சுப்பாத்தாளும் கூடப் போனார்கள். இன்னாசியை வற்புறுத்திக் கூட்டிப்போனது மதலைமுத்துதான்.

தங்கவேலு அறையில் அவன் இரண்டையும் சொன்னான். வந்தது காமாலை இல்லை, டி.பி. என்று முதலில். முந்நூறு உருப்படி கெட்டதற்கு இன்னாசி காரணமில்லை, தான்தான் என்று பிறகு. சீட்டை மேசைமேல் வைத்தான். தங்கவேலு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, ஜன்னலோரம் போய் நின்றார். சுப்பாத்தாள் அவருக்கு ஒருவகையில் அத்தை முறை. அவள் இருந்ததால்தானோ, நாலைந்து பேர் வரிசையாக நின்றதால்தானோ, அவர் குரலை உயர்த்தவில்லை.

“பஞ்சுல இனி நிக்க வேண்டாம்” என்றார் கடைசியில். “செக்கிங்குக்கு வந்துருங்க. சம்பளம் கொறையும். மேசைக்கு…” அவர் இன்னாசியின் கைகளைப் பார்த்தார். அன்று ஊதா. “நீ எப்ப வர்றே?”

இன்னாசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சவரியாயிதான், “திங்கக்கெழமை வருவானுங்க” என்றாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, அன்பியம் மதலைமுத்துவின் லைன் வீட்டில் கூடியது. உள்ளே இடம் போதாமல் பாதிப்பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் நினைவில்லை. சுப்பாத்தாள் ஒரு செய்தியோடு வந்தாள். அடுத்த தெரு லைனில் வெள்ளையம்மாள் என்று ஒரு பெண்; விருதுநகர்ப் பக்கத்துக்காரி; புருஷன் லாரியில் வடக்கே போனால் திரும்ப மாதமாகும். அவளுக்கும் இதே சீக்கு, நாளை முதல் ஊசி. அவள் கோயிலுக்கு வருகிறவள் அல்ல.

“அதனால என்னங்க” என்றார் ராசப்பன். வழக்கமான ‘நான் பார்த்துக்கறனுங்க’ வாய்வரை வந்ததுபோல் இருந்தது. அதை விழுங்கிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார்.

சந்தனம், நாளைக்குத் தான் போவதாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மதலைமுத்து, “அடுத்த நாள் நான்” என்றான். அதன்பின் வரிசையாக நாட்கள் போயின.

செவ்வாய்க்கிழமை காலை பனி விலகாத நேரத்தில் அவன் அடுத்த தெருவுக்குப் போனான். வெள்ளையம்மாள் கதவருகே ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் சந்தனம் வந்தாள், இன்று வேறு ஆள் என்பதில் திகைப்பு. ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க யாருண்ணே?” என்று கேட்டாள்.

தன் பெயரைச் சொல்வதா, சந்தனத்தின் புருஷன் என்பதா, கோயிலைச் சொல்வதா என்று அவனுக்கு ஒரு கணம் குழம்பியது.

“நான் செவ்வாக்கெழம ஆளும்மா” என்றான்.

அவள் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது. திருப்பத்தில் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் கையை நீட்டினான். அவள் பையை அவனிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, முன்னே நடந்தாள்.